1974 புல்லட்டை வீட்டு ஷெட்டில் மாற்றிக் கட்டுதல்: பின்பகுதியை வெட்டலாமா?

கேள்வி: தக்கலையிலிருந்து ஒரு வாசகர், 9 மார்ச் 2024

தாத்தா 1974இல் வாங்கிய என்ஃபீல்டு புல்லட் 350 எங்கள் வீட்டுத் தொழுவத்தில் பதினொரு ஆண்டுகளாக நிற்கிறது. சேசிஸின் (வண்டியின் இரும்புச் சட்டகத்தின்) பின்பகுதியை வெட்டி, ஒற்றை இருக்கை பொருத்தி, கைப்பிடியைத் தாழ்த்தி, அந்தக் காலத்துப் பந்தய வண்டியின் சாயலில் அதை மாற்ற விரும்புகிறேன். விசாரித்த பட்டறைகள் சொல்லும் தொகைக்குப் புது வண்டியே வாங்கிவிடலாம். வீட்டில் வெல்டிங் இயந்திரமும் கிரைண்டரும் இருக்கின்றன. இதை நாமே செய்துகொள்ள முடியாதா?

10 மார்ச் 2024

முடியும். என்னிடம் இருப்பதும் அதே ஆண்டு வண்டிதான். குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த என் தாய்மாமாவுடையது. அவர் காலமான பின் அத்தை எனக்குக் கொடுத்தார். மணவாளக்குறிச்சியில், கடற்கரையிலிருந்து ஐந்து நிமிட நடைத் தூரத்தில், ஓடு வேய்ந்த பத்துக்குப் பதினான்கு அடி ஷெட்டில் இந்த மாதம்தான் பிரிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

பழைய வண்டிகளில் புல்லட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை. 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, பிறகு திருவொற்றியூரில் வார்த்தெடுத்த அந்த எஞ்சினின் அடிப்படை வடிவம் அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிதாக மாறவில்லை. ஆகவே 1974 வண்டிக்கு வேண்டிய பல உதிரி பாகங்களை 1990களின் வண்டிக்கென்று விற்கும் கடையிலேயே வாங்கலாம். இதே வசதியை அந்தக் காலத்து யெஸ்டி, ராஜ்தூத் வண்டிகளுக்கும் எதிர்பார்த்து இறங்கினால், நாகர்கோவில் கடைகளில் தொடங்கும் தேடல் எந்த மாநிலத்தில் முடியும் என்று சொல்ல முடியாது.

சேசிஸின் பின் வளைவை வெட்டுவது ஒரு மாலை நேர வேலை. பின்னால் பூட்டியிருந்த கனமான இரும்புக் கேரியரை இன்று கழற்றி, எங்கள் ஊரில் ஆக்கர் கடை என்று சொல்லும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். இரண்டு பேர் தேநீர் குடிக்கக் காசு கிடைத்தது.

17 மார்ச் 2024

பிரித்து முடிக்க ஒரு வாரம் பிடித்தது. அதில் நான்கு நாள்கள் ஆறு நட்டுகளுக்கே சரியாகப் போயின. கடலோரத்து வீட்டில் நின்ற வண்டியின் நட்டைக் கழற்றுவது மலையோரத்து வண்டியின் நட்டைக் கழற்றுவது போன்றதன்று. உப்புக் காற்று மரைக்குள் புகுந்து, நட்டையும் போல்ட்டையும் ஒரே இரும்பாக்கி வைத்திருக்கும். ஸ்பேனரைப் போட்டு ஓங்கி மிதித்தால் நட்டு சுழலாது. போல்ட்டின் தலைதான் கையோடு வரும். முதல் இரண்டில் எனக்கு அதுதான் நடந்தது. அதன் பிறகு மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் கலந்து இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் நட்டை மட்டும் சூடாக்கி, முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை திருப்பி, பிறகு தளர்த்தினேன். இறுக்கும் திசையில் திருப்பும்போது துருவின் பிடி உடைகிறது. அந்த ‘டிக்’ ஓசையைக் கேட்ட பின்பே தளர்த்த வேண்டும்.

கழற்றிய ஒவ்வொன்றையும் தனித்தனி பாலித்தீன் உறையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று சீட்டு எழுதி வையுங்கள். கைப்பேசியில் எடுத்த படத்தை மட்டும் நம்பாதீர்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எல்லா வாஷரும் ஒரே வாஷராகத் தெரியும்.

இருக்கையின் போல்ட் துளை வழியாகச் சேசிஸ் குழாயைக் கவிழ்த்துத் தட்டியபோது ஒரு சிரட்டை நிறையப் பொடி கொட்டியது. பாதி பழுப்பு நிறம், பாதி கருப்பு. குழாய் உள்ளுக்குள் இவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்பதைப் பார்த்ததும், ஒரு மாலை நேர வேலை என்று சென்ற வாரம் எழுதியதில் எனக்கே கொஞ்சம் தயக்கம் வந்துவிட்டது.

2 ஏப்ரல் 2024

10 மார்ச் குறிப்பின் கடைசிப் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன். வெட்டாதீர்கள். கிரைண்டரைத் தொழுவத்திலிருந்து வேறு அறைக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

முதல் காரணம் இரும்பு. உள்ளே துருத்தின்ற குழாயின் சுவர் எந்த இடத்தில் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்து அறிய முடியாது. மெலிந்த சுவரில் வெல்டிங் வைத்தால், வைத்த இடம் கெட்டியாகவும் அதை ஒட்டிய இடம் இன்னும் பலவீனமாகவும் ஆகிவிடும். பின் ஷாக் அப்சார்பரின் மேல் முனை அந்த வளைவில்தான் தாங்கி நிற்கிறது. பாரத்தோடு பள்ளத்தில் இறங்கும் நேரத்தில் அந்த இடம் விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பக்கத்துக் கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. கைப்பிடியையும் இருக்கையையும் மாற்றுவதற்கும் சேசிஸை வெட்டுவதற்கும் அதிகாரியின் கண்ணில் பெரிய வேறுபாடு உண்டு. பதினைந்து ஆண்டுகளைக் கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும்; அப்போது ஆய்வாளர் முன்னால் வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை நான் இவ்வளவு தாமதமாகப் படித்ததற்கு வெட்கப்படுகிறேன். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழமையான வண்டிகளுக்கென்று தனிப் பதிவு முறை சேர்க்கப்பட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். சேசிஸிலும் உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டிக்கு ‘விஏ’ என்ற எழுத்துகள் கொண்ட எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். உங்கள் தாத்தாவின் வண்டிக்கும் என் மாமாவின் வண்டிக்கும் இந்த ஆண்டு ஐம்பது நிறைகிறது. ஐம்பதாவது பிறந்த நாளுக்கு வாலை வெட்டிப் பரிசளிக்க இருந்தோம்.

21 ஏப்ரல் 2024

நம் குமரி மாவட்டத்தில் இதையெல்லாம் யார் நிறுத்திப் பார்க்கிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டிய பிறகு இதே கேள்வியை அவர் கேட்டுப் பார்க்கட்டும்.

12 மே 2024

எஞ்சினைத் திறந்துவிட்டேன். துளை 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 90 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 346 கன சென்டிமீட்டர் வரும். அகலத்தைவிட நெட்டை அதிகமான இந்த உடல்வாகுதான் அந்த நிதானமான ஓசைக்கும் இழுப்புக்கும் காரணம். சிலிண்டர் தேய்ந்து உதடு விழுந்திருக்கிறது. ரீபோர் செய்து, அதாவது துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, 0.020 அங்குலம், அதாவது சுமார் அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட வேண்டும். பயப்பட வேண்டியது இதற்கில்லை.

எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் உறையை மண்ணெண்ணெய் தட்டில் கழுவிய பின், பழுதான கணினி ஹார்டு டிஸ்கிலிருந்து எடுத்த காந்தத்தைத் தட்டின் அடியில் ஓட்டிப் பார்த்தேன். காந்தம் முழுவதும் கருப்பாக மொய்த்துக்கொண்டது. விரல் நகத்தில் அள்ளும் அளவுக்கு இரும்பு. எஞ்சின் தன்னைத் தானே அரைத்துத் தின்றிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனைதான் போயிருக்க வேண்டும் என்று முடிவு செய்து, கிராங்க் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நாகர்கோவிலில் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. செலவுக் கணக்கு 40,000 ரூபாயைத் தாண்டியதும் நோட்டில் எழுதுவதை நிறுத்திக்கொண்டேன் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். வீட்டார் இதைப் படிப்பதில்லை.

15 மே 2024

மேலே உள்ள குறிப்பு பாதி தவறு. எந்தப் பாதி என்பதைச் சொல்கிறேன்.

காந்தத்தில் ஒட்டிய கருப்பை ஒரு காகிதத்தில் மடித்து, வடசேரிப் பக்கம் நாற்பது ஆண்டுகளாகப் புல்லட் வேலை பார்க்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதை உள்ளங்கையில் கொட்டி, பெருவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டு, “எலே மக்கா, காந்தத்துல ஒட்டுனா எல்லாம் எஞ்சின் இரும்பா? உனக்க ஊரு எதுன்னு மறந்து போச்சா?” என்று கேட்டார்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணல்! இல்மனைட் என்னும் இரும்பு, டைட்டானியத் தாது அதில் நிறைந்து கிடக்கிறது. எங்கள் ஊர் மணல் ஆலையில் மற்ற மணலிலிருந்து அதைப் பிரிப்பதே காந்தத்தின் துணையால்தான். சாதாரணக் காந்தத்துக்கு அது அவ்வளவாக மசியாது. ஹார்டு டிஸ்க் காந்தம் போன்ற வலுவான காந்தத்துக்கு நன்றாக மசியும். கழுவிய உறைகளை முற்றத்தில் சாக்கு விரித்துக் காயவைத்து, மறுபடியும் கழுவியவன் நான். கடற்காற்று தன் வேலையைச் செய்திருக்கிறது. சிறு வயதில் பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இந்த மணலில் இழுத்து விளையாடியவனுக்கு இது தோன்றாமல் போனதற்கு என்ன சொல்வது? மார்ச்சில் சேசிஸ் குழாயிலிருந்து கொட்டிய பொடியின் கருப்புப் பாதியும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். குழாய் நான் அஞ்சிய அளவுக்குக் கெட்டிருக்காது. ஆனாலும் வெட்டப் போவதில்லை.

அண்ணாச்சி சொன்னபடி சோதித்தேன். சந்தேகப் பொடியை ஒரு மூடியில் இட்டு உப்புத் தண்ணீர் விட்டு இரவு முழுக்க வைக்க வேண்டும். அரத்தூளாக இருந்தால் காலையில் தண்ணீர் செம்மண் நிறமாகிவிடும். கருமணல் கருப்பாகவே கிடக்கும். பக்கத்தில் இன்னொரு மூடியில் கிரைண்டர் தூளையும் வைத்திருந்தேன். காலையில் ஒன்று தேநீர், மற்றது தெளிந்த தண்ணீர். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இரவு வரை காத்திருக்க வேண்டாம்: தேய்ந்த இரும்பு செதிலாகவும் ஊசியாகவும் தெரியும், மணல் முனை மழுங்கிய மணியாகத் தெரியும்.

இனி தவறாத பாதி. பெரிய முனை உண்மையிலேயே தேய்ந்துதான் இருந்தது. இந்த எஞ்சினில் அங்கே உருளை பேரிங் கிடையாது. மிதக்கும் புஷ் ஒன்று உள்ளும் புறமும் ஒயிட் மெட்டல் என்னும் மென்மையான உலோகக் கலவையின் பூச்சோடு சுழல்கிறது. ஒயிட் மெட்டலில் இரும்பு இல்லை. ஆகவே அது தேய்ந்தால் காந்தம் வாயே திறக்காது. தட்டின் அடியில் காந்தத்துக்கு மசியாமல் மினுங்கிக் கிடந்த சாம்பல் நிறச் செதில்களை அன்று நான் கழுவி ஊற்றியிருந்தேன். அண்ணாச்சி பொடியைப் பார்த்ததோடு நிறுத்தாமல் கிராங்க்கைக் கொண்டுவரச் சொல்லி, ராடை இரு விரலால் பிடித்து நேர் மேலும் கீழுமாக அசைத்தார். பக்கவாட்டில் அசைவது இயல்பு. மேலும் கீழும் அசையக் கூடாது. அசைந்தது. கொடுத்த முன்பணம் வீணாகவில்லை. தவறான சான்றை வைத்துச் சரியான பொருளை வாங்கியிருக்கிறேன்.

9 ஜூன் 2024

பெட்ரோல் டேங்குக்கு நேற்று நானே கருப்பு வண்ணம் அடித்தேன். அடித்து முடித்த பத்தாவது நிமிடத்தில் அதன் மேல் பால் ஆடை படிந்தது.

தென்மேற்குப் பருவமழை இறங்கிய பிறகு கடலோரத்தில் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது என்பது சட்டப் புத்தகத்தில் இருந்திருக்க வேண்டும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது வண்ணத்தின் மேற்பரப்பைக் குளிரவைக்கிறது. காற்றில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனிபோல் இறங்கி, காயும் வண்ணத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. வெளுப்பு அதனால் வருகிறது. மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலந்தால் ஓரளவு தவிர்க்கலாம் என்றார்கள். கலந்தேன், இப்போது பால் மோராகியிருக்கிறது.

11 ஜூன் 2024

அதற்கு ஒருவர், அடுத்த முறை நேரடியாக வெள்ளை வண்ணமே அடிக்கும்படி யோசனை சொல்லியிருக்கிறார். நன்றி.

28 ஜூலை 2024

மழைக் காலத்தில் சின்ன வேலைகள். கிராங்க் உறையின் மூச்சுக் குழாயின் முனையில் வாத்தின் அலகு போன்ற சிறு ரப்பர் வால்வு ஒன்று உண்டு. பிஸ்டன் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்றை வெளியே விட்டு, ஏறும்போது அலகை மூடிக்கொள்ளும். அது கெட்டால் உறைக்குள் அழுத்தம் கூடி, எல்லாப் பேக்கிங்குகளிலும் எண்ணெய் கசியும். புல்லட் என்றாலே எண்ணெய் ஒழுகும் என்று சலித்துக்கொள்வோர், எஞ்சின் முழுவதையும் திட்டுவதற்கு முன் இந்த ஒரு துண்டு ரப்பரைப் பார்க்க வேண்டும்.

என்னுடையது கல்லாகிக் கிடந்தது. கடையில் இருப்பு இல்லை. நாட்டின் முக்கியமான ரப்பர் விளையும் இடங்களுள் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு ஒரு துண்டு ரப்பருக்குக் காத்திருப்பதா என்று ரோசம் வந்து, மாமா வீட்டிலிருந்து புகையில் உலர்த்திய நல்ல ரப்பர் ஷீட் ஒன்று கொண்டுவந்து, அலகு வடிவில் வெட்டி ஒட்டிவிட்டேன். அழகாக வந்திருக்கிறது.

25 ஆகஸ்ட் 2024

அழகாக வந்தது, எண்ணெய் படும் வரை. சோதனைக்காக எஞ்சின் ஆயிலில் போட்டு வைத்திருந்த மிச்சத் துண்டு, ஊறவைத்த உளுந்து போல உப்பிக் கொழகொழவென்று கிடக்கிறது. இயற்கை ரப்பர் இழுவைக்கும் அதிர்வுக்கும் ஈடு கொடுக்கும். கனிம எண்ணெய்க்கு ஈடு கொடுக்காது. எண்ணெய் படும் இடத்துக்கு நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர்தான் வேண்டும். என் அத்தை ஐம்பது ஆண்டுகளாக ரப்பர் ஷீட் காயப்போடுபவர். அவரிடம் காட்டியபோது, “எண்ணெ பட்டா பாலு சீத்தையாப் போவும்னு எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்றார். கேட்டிருக்கலாம்.

ஷீட்டின் மிச்சம் வீணாகவில்லை. டேங்குக்கும் சேசிஸுக்கும் இடையே வைக்கும் மெத்தைக்கு அதுவே போதும். அங்கே எண்ணெய் வராது. பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், கசியாமல் பார்த்துக்கொள்கிறேன்.

20 அக்டோபர் 2024

மின்சாரம் பற்றிக் கேட்டவருக்கு: இந்தப் பழைய வண்டியின் ஆறு வோல்ட்டைப் பன்னிரண்டாக மாற்றாமல் விட்டால் விளக்கு மங்கலாகத்தான் எரியும் என்பது முழு உண்மை இல்லை. முப்பது வாட் விளக்குக்குப் பன்னிரண்டு வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர் போதும். ஆறு வோல்ட்டில் ஐந்து ஆம்பியர் வேண்டும். கம்பியிலும் இணைப்பிலும் கால் ஓம் தடை இருந்தாலே அந்த ஐந்து ஆம்பியர் ஒன்றேகால் வோல்ட்டை வழியிலேயே தின்றுவிடும். ஆறில் ஒன்றேகால் போனால் விளக்கு அழுதுகொண்டுதான் எரியும். அந்தத் தடை எங்கிருந்து வருகிறது? நம் ஊரில் பெரும்பாலும் எர்த் இணைப்பிலிருந்து. சேசிஸில் போல்ட் போட்டு இறுக்கிய அந்த ஒற்றைக் கம்பியின் கண்ணுக்கடியில், உப்புக் காற்றால் பச்சையும் பழுப்புமாகப் பூத்திருக்கும்.

உப்புத்தாளால் இரும்பு வெளுக்கும் வரை தேய்த்து, இணைத்த பின் மேலே வாசலின் தடவினேன். முன்விளக்கு, பேட்டரி, எஞ்சின் மூன்றுக்கும் தனித்தனியே தடித்த எர்த் கம்பி இழுத்தேன். விளக்கு இப்போது போதுமானதாக இருக்கிறது. இரவில் அதிகம் ஓட்டுபவர்கள் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறுவதை நான் குறை சொல்ல மாட்டேன். எர்த்தைச் சரி செய்யாமல் மாறினால் அதே அழுகை சில மாதங்களில் திரும்பி வரும்.

15 டிசம்பர் 2024

ஓடியது.

கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் பத்து நாள்கள் ஓடவில்லை. வால்வுகளைத் தூக்கும் புஷ் ராடுகளின் இடைவெளியை, ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடு வைத்து அளந்து விட்டிருந்தேன். வேறு வண்டிகளில் பழகிய கை. இதில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இடைவெளியே இல்லாமல், ஆனால் ராடு விரலால் தாராளமாகச் சுழலும்படி வைக்க வேண்டும். அதைச் சரி செய்த பிறகும் கிக்கர் திருப்பி அடித்தது. கணுக்காலில் அதன் அடையாளம் இன்னும் இருக்கிறது. அடுத்து டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால், தீப்பொறிக்கான மின்தொடுப்பாகிய பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயிண்டின் நடுவே சிகரெட் காகிதத்தைச் செருகி மெல்ல இழுத்துக்கொண்டே எஞ்சினைச் சுற்றினால், எந்தப் புள்ளியில் காகிதம் விடுபடுகிறதோ அதுதான் திறக்கும் நேரம். என் காகிதம் எவ்வளவோ முன்னதாகவே கையோடு வந்துவிட்டது.

கிளப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. முரட்டுத்தனமாக மிதிப்பவர்களுக்கு இந்த எஞ்சின் பதில் சொல்லாது. சாவியைப் போட்டதும் ஆம்பியர் மீட்டரின் முள் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் முள் துள்ளி நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தைத் தளர்த்தும் டிகம்ப்ரசரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஓர் அங்குலம் தாழ்த்தி, டிகம்ப்ரசரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே நீண்ட மிதி. வேகம் தேவையில்லை, முழு நீளம் தேவை. பதினோராம் நாள் காலை ஆறரை மணிக்கு இரண்டாவது மிதியில் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு நாய் அரை மணி நேரம் ஓயவில்லை. அத்தைக்குத் தொலைபேசியில் ஓசையைக் கேட்கவைத்தேன். “அவுங்க வந்த மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

2 பிப்ரவரி 2025

டேங்கை ஆரல்வாய்மொழியில் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய் வண்ணம் அடித்தேன். பிப்ரவரிக் காலை, கணவாயின் கிழக்குச் சரிவு, காய்ந்த காற்று. வெளுக்கவே இல்லை. காற்றாலைகள் ஏன் அந்த ஊரில் நிற்கின்றன என்பதை மட்டும் மறந்திருந்தேன். முதல் பூச்சில் புழுதியும், இரண்டாம் பூச்சில் ஒரு சிறு வண்டும் நிரந்தரமாக இடம்பிடித்துக்கொண்டன. புழுதியைத் தண்ணீர் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். வண்டு டேங்கின் அடிப்பக்கம் இருப்பதால் விட்டுவிட்டேன்.

16 மார்ச் 2025

பேச்சிப்பாறை வரை போய் வந்தேன். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இதை வாயால் சொல்வது எளிது. குலசேகரம் சந்தையில் ஓர் ஆட்டோ திடீரென்று திரும்பியபோது என் வலக்கால் பிரேக்கை நினைத்து ஓங்கி மிதித்தது. வண்டி நிற்காமல் அடுத்த கியருக்குப் போனது. கைப்பிரேக் காப்பாற்றியது. புது வண்டியும் பழைய வண்டியும் மாறிமாறி ஓட்டுபவர்கள் முதல் ஒரு வாரம் கூட்டமான தெருவுக்குள் போகாமல் இருப்பது நல்லது.

விஏ பதிவுக்கு விண்ணப்பித்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. அந்தப் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சிக்கும் பழைய வண்டி ஊர்வலத்துக்கும், எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவும் ஓட்டலாம்; அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. மாமா முப்பது ஆண்டுகள் தினமும் ஓட்டிய வண்டி. வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொண்டேன். ஹேண்டில் கழுத்தில் உள்ள சேசிஸ் எண்ணின் மேல் நான் வண்ணம் தடிக்க அடித்திருந்ததால், ஆய்வாளர் பென்சிலால் தேய்த்து எண்ணைப் பிரதி எடுக்க முடியாமல் ஒருமுறை திருப்பி அனுப்பினார், தவறு என்னுடையது. அந்த இடத்தில் வண்ணத்தைச் சுரண்டிவிட்டு மெல்லிய வார்னிஷ் மட்டும் பூசுங்கள்.

6 ஏப்ரல் 2025

ஒற்றை இருக்கை என்ன ஆயிற்று என்று தக்கலை நண்பர் நினைவூட்டியிருக்கிறார். சேசிஸில் வெட்டாமல், புதுத் துளை இடாமல், ஏற்கெனவே இருக்கும் துளைகளில் மட்டும் போல்ட் போட்டு இருக்கையைத் தாங்க ஓர் இரும்புச் சட்டகம் வேண்டும். மூன்று மாதிரிகளை அட்டையில் வெட்டிப் பார்த்தேன், மூன்றும் ஆடின. சென்ற வாரம் பின் மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அதன் இரு பக்கமும் பழைய போல்ட் வாஷர்களின் வட்டத் தடங்கள் கண்ணில் பட்டன. மாமாவின் கேரியர் உட்கார்ந்திருந்த இடங்கள். குலசேகரத்திலிருந்து ஈர ஷீட்டுக் கட்டுகளை மார்த்தாண்டத்துக்கு ஏற்றிப் போவதற்காக, எந்தப் பட்டறையிலோ அவர் சொல்லிச் செய்த கேரியர் அது. பாரம் முழுவதும் ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டில் இறங்கும்படியும், சேசிஸில் ஒரு துளைகூட இடாமலும் செய்திருக்கிறார்கள். நான் ஓராண்டாகத் தேடும் சட்டகம் அதுதான்.

ஆக்கர் கடைக்குப் போய்க் கேட்டேன். ஓராண்டுக்கு முன் எடைக்கு வாங்கிய இரும்பு இன்னும் இருக்குமா என்று கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

வட்டத் தடங்களின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அளவு எடுத்திருக்கிறேன். மாமா வண்டியோடு நிற்கும் ஒரு புகைப்படம் அத்தையிடம் உண்டு. அதில் கேரியரின் இடப்பக்கம் மட்டும் தெரிகிறது. வலப்பக்கம் அதன் பிரதியாகவே இருந்திருக்கும் என்று நினைத்து, அரை அங்குலக் குழாயில் வளைக்கக் கொடுத்திருக்கிறேன். உங்கள் தாத்தாவின் வண்டியில் கேரியர் இருந்தால், அதைக் கழற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள், வலப்பக்கத்தைச் சரிபார்த்துக்கொள்கிறேன்.